நாக்கில் ஏறிய எழுத்து

எங்கம்மா நஞ்சம்மாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மத்திகிரி மாட்டுப் பண்ணை கண்டதில்லை. பெற்றவளைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், அவளே சொல்லிக்கொள்வாள். பல்லிக்குப் பயம், பஸ்ஸுக்குப் பயம், மூக்குக்கண்ணாடி போட்ட ஆளுக்குப் பயம். மாட்டுக்கு ஊசி போட டாக்டர் வந்தால் மாட்டுக்கு முன்னால் இவள் நடுங்குவாள். தளியில் பிறந்து, வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி வளர்ந்தவள். பயம் வந்தால் மட்டும் கன்னடம் முந்திக்கொள்ளும். "அய்யோ தேவ்ரே!" என்று அவள் கூவாத நாள் எனக்கு நினைவில் இல்லை.

இது நான் பிறப்பதற்கு முந்தைய கதை. பாதி அம்மா சொன்னது, மீதி அப்பாவைக் குடைந்து குடைந்து நான் வாங்கியது. மத்திகிரியை ஒட்டிய ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. இந்தப் பக்கமெல்லாம் மைசூரோடு போகுமா, மெட்ராஸோடு நிற்குமா என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். அப்பா கரியப்பனுக்குப் பண்ணையில் பொலிகாளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அம்மாவுக்குக் கறவைக் கொட்டகையில் சாணி அள்ளிக் கழுவிவிடும் வேலை. குடியிருக்க லைன் வீடு ஒன்று.

அப்பாவுக்கு அம்மா இரண்டாம் தாரம். முதல் தாரம் சம்பங்கி. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே, வயிற்றில் பிள்ளையோடு விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அவள் வந்துவிடுவாள் என்று அம்மாவுக்குப் பயம். அப்பாவுக்கு எடுத்தால் அழுகை வந்துவிடும், அதனால் பயம். 'அவ' என்று மட்டும்தான் சொல்வார்கள், அதுவும் குரலை இறக்கி.

அப்பாவின் இடது முன்கையில் பச்சை குத்திய எழுத்து ஒரு வரிசை இருந்தது. கல்யாணமான புதிதில் அம்மா அதைத் தடவிப் பார்த்து, "இது இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முனீஸ்வரன் பேரு" என்றார். அம்மாவுக்கு அப்பாடா என்று ஆயிற்று. சாமியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும் புருஷன் யாருக்குக் கிடைப்பான்! அன்றிலிருந்து இடி இடித்தாலும், காளைக் கொட்டகையைத் தாண்டினாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த எழுத்தின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்பா கையை நீட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

இவர்களுக்குப் பிறந்தவள்தான் என் அக்கா முனிலட்சுமி.

அக்கா தவழும்போதே உற்றுப் பார்க்கிற குழந்தை என்பார்கள். அம்மா அவளை இடுப்பில் முந்தானையால் கட்டிக்கொண்டே கொட்டகையில் வேலை செய்வாள். ஒவ்வொரு மாட்டுக்கும் தலைக்கு மேல் ஒரு சின்னப் பலகை தொங்கும், அதில் மாட்டின் பெயர். கங்கா, சம்பா, பங்கஜம், காவேரி, கிளி என்று வரிசையாகப் போகும். பால் அளந்து எழுதுகிற பழைய கணக்கர் ஒருவர் இருந்தார். அவர் ஒவ்வொரு பலகையையும் பென்சிலால் தட்டி, பெயரை இழுத்து இழுத்துப் படித்துவிட்டுத்தான் கறவைக்காரரைக் கூப்பிடுவார். தினமும் இதே பாட்டு. இடுப்பில் இருந்த அக்கா தினமும் அதைக் கேட்டாள், பென்சிலையும் பார்த்தாள். அவள் பென்சிலைப் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை.

பேச்சு வந்த கொஞ்ச நாளில் ஒருநாள் வீட்டு மூலையில் உட்கார்ந்து, கொட்டகை மாடுகளின் பெயரையெல்லாம் முதலிலிருந்து கடைசி வரை வரிசை தப்பாமல் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்ல வைத்தார். அம்மாவோ அவளை வாரியெடுத்துக் கதவைச் சாத்தி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "யார் முன்னாலயும் சொல்லக் கூடாது கண்ணு. கண்ணு பட்டுடும். வாய மூடிக்கினு இரு" என்றாள். அக்காவுக்கு அம்மா சொன்ன முதல் புத்திமதி அதுதான்.

ஆனால் வாயை மூடுகிற குழந்தையா அது? அடுத்தது சுவரில் ஆரம்பித்தது. மலேரியாவுக்கு மருந்து அடிக்கிற ஆட்கள் லைன் வீடுகளுக்கு வந்து, அடித்து முடித்ததும் சுவரில் கறுப்பு மையால் ஏதோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றாள். ஒருத்தரும் இல்லாத சுவரைப் பார்த்து, பெரிய மனுஷி குரலில், "மருந்து தெளிக்கப்பட்டது" என்றாள்.

அம்மா கையிலிருந்த களிச் சட்டி கீழே விழுந்தது.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வேறு அர்த்தமும் உண்டு. வேண்டாதவர்கள் சோற்றில் வைத்துக் கொடுப்பது. யாராவது மெலிந்து போனால், "மருந்து வச்சிட்டாங்க" என்பார்கள். அதோடு, 'தெளிக்கப்பட்டது' என்று எந்தக் குழந்தை பேசும்? அந்த லைனில் பெரியவர்கள் கூட அப்படிப் பேசியதில்லை. "தெளிச்சிட்டாங்க" என்போம், "அடிச்சுட்டுப் போனாங்க" என்போம். எழுத்து தெரியாத வீட்டில், அச்சுத் தமிழ் வந்து பேசினால் அது பேய் பாஷைதான்.

இரண்டு நாள் கழித்து அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைக்கப் போனார். வாசற்படியில் நின்றிருந்த அக்கா கையை நீட்டி மறித்து, "அனுமதி பெறாமல் உள்ளே பிரவேசிக்கக் கூடாது" என்றாள்.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். காளை முட்ட வந்தாலும் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற ஆள், மூன்று வயது நிரம்பாத மகளைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வெளியிலேயே குந்திக்கொண்டார். அது பண்ணை வாசலில், காவல்காரர் தலைக்கு மேல் எழுதி வைத்திருக்கிற வாசகம். தினமும் அதன் கீழேதான் எல்லாரும் வேலைக்குப் போனார்கள். ஒருத்தருக்கும் அது தெரியாது.

"யார்மே இவளுக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?" என்று அப்பா கேட்டார்.

"எனக்கே புரியல, நான் எங்கருந்து சொல்லித் தர? எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குதுங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வழக்கம்போல அவருடைய இடது கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இதற்குள் அப்பாவின் அக்கா நாராயணம்மா, என் அத்தை, பாகலூரிலிருந்து வந்து இறங்கினாள். அத்தைக்குத் தெரியாத பேய் கிடையாது. எல்லாப் பேயும் அவளுக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம் போலப் பேசுவாள். மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தார், அக்கா அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அத்தை எதிரில் உட்கார்ந்து குழந்தையை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அப்பாவின் இடது கையைத் திருப்பி, அந்தப் பச்சை மேல் சின்ன விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"சம்பங்கி" என்றாள்.

அக்கா எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சரியாகத்தானே சொன்னோம் என்பது போல இன்னொரு தரம் சொன்னாள். "சம்பங்கி."

அத்தை போட்ட கூச்சலில் லைன் முழுக்கக் கூடிவிட்டது. "வந்துட்டாடா கரியா! பிள்ளை பெறாம போனவ, உம் பிள்ளை நாக்குலயே வந்து குந்திக்கினாடா!" அம்மா குழந்தையைப் பிடுங்கி மார்போடு அழுத்திக்கொண்டு மூலைக்குப் போனாள். அப்பாவின் வாயில் வைத்த சோறு வாயிலேயே இருந்தது. அவருக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் அதைக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது வேறு. கையில் இருந்தவள் இறங்கி நாக்குக்குப் போய்விட்டாள் என்று நினைத்தார். அன்று சாயங்காலத்திலிருந்து முன்கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார். காளை இடித்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார். மனுஷனுக்குப் பொய் சொல்ல மட்டும் பயமில்லை பாருங்கள்!

தளி போகிற ரோட்டில், பாறை ஒன்றின் அடியில் முனீஸ்வரன் கல் இருந்தது. அங்கே பூசை செய்கிற திம்மராயனிடம் அத்தை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நாக்கில் உட்கார்ந்தவளை நாக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும், செப்பு ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடுவாள், செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"கொழந்தைக்கு நாக்கு என்னாவறது அண்ணி?" என்று அம்மா கேட்டாள்.

"ரெண்டு நாள் கஞ்சி குடிப்பா. அப்புறம் ஆறிடும். பேச்சு கொஞ்சம் கொழறினாலும் உசுரு நிக்குமில்ல? அவ இவள இஸ்துகினு போறதுக்குத்தான் வந்துக்கிறா, தெரியுமா ஒனக்கு?"

எங்கம்மா இரண்டு பயத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். ஊசி வேண்டாம் என்றால் செத்தவள் குழந்தையைக் கொண்டுபோய்விடுவாள். ஊசி போடலாம் என்றால் அந்த இளம் நாக்கு. தூங்குகிற அக்காவின் வாயைத் திறந்து திறந்து பார்த்தாளாம். விழித்திருக்கும்போது அவள் எதையாவது பார்த்து வாயைத் திறந்தால் உடனே கையால் பொத்தினாள். "வாணாம் கண்ணு, பேசாதடி. பேசினா ஊசி போடுவாங்க." அக்காவும் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டாள். எதையாவது பார்ப்பாள், உதடு அசையும், உடனே அம்மா முகத்தைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றும் காலையில் கொட்டகை வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். முந்தின நாள் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பலகையையெல்லாம் கழற்றி மறுபடி மாட்டியிருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே சாணி அள்ளினாள். இடுப்பில் இருந்த அக்கா, எதிரே நின்ற கறுப்பு மாட்டின் மேல் பார்த்து, மெதுவாக, தனக்குள், "பங்கஜம்" என்றாள்.

அம்மா நிமிர்ந்து மாட்டைப் பார்த்தாள். அது காவேரி. பங்கஜம் வெள்ளை மாடு, பக்கத்தில் நிற்கிறது. வரிசை தப்பாமல் சொல்கிற குழந்தை இப்போது மாட்டையே மாற்றிச் சொல்கிறாளே, செத்தவள் இவள் மூளையையும் தின்ன ஆரம்பித்துவிட்டாளா என்று பயந்தாள்.

அப்போது புதுக் கணக்கர் முனிராஜ் பென்சிலோடு வந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து நாள் கூட ஆகாதவர், கறுப்பு மாட்டுக்கும் வெள்ளை மாட்டுக்கும் பெயர் தெரியாதவர். கறுப்பு மாட்டின் முன்னால் நின்று, நிமிர்ந்து பார்த்து, "பங்கஜம்!" என்று கூப்பிட்டார்.

கறவைக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஐயா, அது காவேரிங்க! பலகைய மாத்தி மாட்டிட்டானுங்க!"

அம்மா சாணிக் கூடையோடு அப்படியே நின்றாள். மாடு தெரிந்த அத்தனை பேரும் காவேரி என்கிறார்கள். மாடு தெரியாத கணக்கர் பங்கஜம் என்கிறார். மாடு தெரிந்த குழந்தையும் பங்கஜம் என்கிறாள். கணக்கர் செய்த அதே தப்பை இவளும் செய்திருக்கிறாள். பேய்க்கு எதற்குப் பலகை?

கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆளில்லாத மூலைக்கு அக்காவைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு பலகையைக் கையால் மறைத்து, "இது இன்னா கண்ணு?" என்று கேட்டாள். அக்கா பேசவில்லை. அம்மா கையை எடுத்தாள். அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஊசிக்குப் பயந்து, காதோடு ஓதுவது போல, "கிளி" என்றாள்.

படிக்கிறாள். எங்கம்மாவுக்கு ஒரு நிமிஷம் காலே தரையில் இல்லை. பேயும் இல்லை, மருந்தும் இல்லை, என் மகள் படிக்கிறாள்! குழந்தையை முத்தமிட்டு முத்தமிட்டு முகமெல்லாம் ஈரமாக்கிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த யோசனை வந்தது. சுவரில் இருந்ததைப் படித்தாள், வாசலில் இருந்ததைப் படித்தாள். அப்படியென்றால் அவர் கையில் எதைப் படித்தாள்?

அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டாள். இடி இடித்தபோதெல்லாம் பிடித்துக்கொண்டது யாரை? வெள்ளிக்கிழமை தவறாமல் யாருக்குப் பொட்டு வைத்தாள்? எவளுக்குப் பயந்தாளோ அவளைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். "வயிறு எரிஞ்சுதா, சிரிப்பு வந்துதா, எனக்கே தெரியலடி. பயமா மட்டும் இருந்திச்சு" என்பாள் அம்மா.

ஓடிப்போய் அந்த முனிராஜிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், எங்கூட வாங்க, எம் பொண்ணு படிக்கிறா, வந்து சொல்லுங்க என்று. ஐயோ, எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வரும். ஆனால் அவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். எங்கம்மா அவர் பக்கத்தில் கூடப் போகவில்லை.

அத்தை மாட்டு வண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார், கையில் துணி சுற்றியபடி. வண்டியில் ஏறினதிலிருந்து சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று அம்மா வாயைத் திறப்பாள். அத்தை திரும்பிப் பார்ப்பாள். வாய் மூடிக்கொள்ளும். ஏதாவது ஒரு பாலம் வந்தால் சொல்லலாம் என்று நினைப்பாள், பாலம் போய்விடும். அடுத்த மேடு என்று நினைப்பாள், அதுவும் போய்விடும். அப்படியே பாறைக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அடுப்பில் கரி கனன்றுகொண்டிருந்தது. ஊசி அதற்குள் கிடந்தது. திம்மராயன் அக்காவை மடியில் வைத்துத் தாடையைப் பிடிக்கச் சொன்னார். அத்தை கையை நீட்டினாள்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். முதலில் கன்னடத்தில் கத்தினாளாம், அப்புறம் தமிழில். "பேய் இல்ல சாமி! எம் பொண்ணு படிக்கிறா! பலகையப் பாத்துப் படிக்கிறா!"

அத்தை சிரித்தாள். "பாலு குடிக்கிற கொழந்தை படிக்குதாம்! ஒனக்கும் சேத்து பேய் புடிச்சிருச்சா?"

திம்மராயன் சிரிக்கவில்லை. நியாயமான ஆள்தான் அவர், அதுவும் சொல்ல வேண்டும். "படிக்கிறாளா? அப்படின்னா படிக்கட்டும்" என்று சொல்லி, அங்கே தொங்கிய வெண்கல மணியைக் காட்டினார். ஆனேக்கல்காரர் ஒருவர் வேண்டுதலுக்குக் கொடுத்த மணி. அதில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது. அம்மா அக்காவைத் தூக்கி மணிக்குப் பக்கத்தில் பிடித்தாள். "சொல்லு கண்ணு. பயப்படாத. இதப் பாத்துச் சொல்லு, உங்கம்மா சொல்றேன், சொல்லு."

அக்கா மணியைப் பார்த்தாள். விரலால் தடவினாள். உதடு கூட அசையவில்லை.

அந்த மணியில் இருந்தது கன்னட எழுத்து. அம்மாவுக்குக் கன்னடம் தாய்ப்பால் போல. தமிழும் அப்படியே. ஆனால் பேசுகிற பாஷை இரண்டென்றால் எழுதுகிற எழுத்தும் இரண்டு என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எழுத்து என்றால் எழுத்துதான் என்று நினைத்தாள். அங்கே நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். திம்மராயனுக்குக் கன்னடம் மட்டும் எழுத்துக்கூட்டத் தெரியும். அவருக்கு அதுதான் எழுத்து. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷை பேசுகிற ஊரில், ஒரு குழந்தையின் நாக்கு போக இருந்தது இந்த அழகில்.

"பாத்தியா?" என்றாள் அத்தை, அம்மாவிடமிருந்து அக்காவைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு. "புடிடா கரியா, காலைப் புடி."

திம்மராயன் துணியைச் சுற்றிக்கொண்டு ஊசியை எடுத்தார். முனை சிவந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், அழவில்லை. வாயை இறுக்கமாக மூடிக்கொண்டாள். அத்தை அவள் தாடையை அழுத்தினாள்.

அம்மா அப்பாவின் எதிரில் போய் நின்றாள். அவர் கையில் சுற்றியிருந்த துணியைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். அதுவரை அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை அவள். இப்போது கேட்டாள். "சாமி முன்னால சொல்லுங்க. இதுல இன்னா எழுதிக்கீது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"முனீஸ்வரன் பேருன்னு சொன்னீங்க. இதோ முனீஸ்வரன் இங்கயே நிக்கறாரு. அவரப் பாத்துச் சொல்லுங்க. இது அவரு பேருதானா?"

ஊசி கிட்டே வந்துவிட்டது. மூக்கின் மேல் அந்தச் சூடு பட்டு அக்கா கண்ணை மூடினாள்.

"சொல்லுங்க! எனக்கு வருத்தமில்ல! அவ பேருன்னு சொல்லிடுங்க! எம் பொண்ணு நாக்கு போவுதுங்க!"

"சம்பங்கி" என்றார் அப்பா.

சொல்லிவிட்டு அழுதார். அவள் போன நாளிலிருந்து அடைத்துவைத்த அழுகை. பாகலூர்ச் சந்தையில், கல்யாணமான வாரம், ஆசையாகக் குத்திக்கொண்டது என்றார். நஞ்சம்மா கேட்டபோது புதுப்பெண் மனசு கெட்டுவிடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்றார். குழந்தை அதைத்தான் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், எனக்கு இப்போதுதான் புரிகிறது என்றார்.

திம்மராயனின் கை நின்றது. அத்தை தாடையை விட்டாள். ஆனால் அவளால் சும்மா இருக்க முடியுமா? "அப்படின்னா அவ நாக்குல இல்ல, கையிலதான் கீறா" என்றாள். திம்மராயனும் யோசித்து, சாமி பேரால் காய்ச்சிய ஊசி யார் மேலும் படாமல் ஆறினால் அது வீட்டுக்கு ஆகாது என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "இங்க வைங்க சாமி" என்றார்.

அம்மா தடுக்கவில்லை. தடுக்கத் தைரியம் இல்லையா, மனசு இல்லையா என்று நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அதற்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை. ஊசி அந்தப் பெயரின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போயிற்று. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். தோல் கருகுகிற நாற்றம் வந்தது. "அவ பேரு எரியறத பாத்து எனக்கு சந்தோஷம் வரும்னு நெனச்சேன். வரல. பாவம், அவளும் யாரோ பெத்த பொண்ணுதான" என்று மட்டும் சொல்வாள். குழந்தையின் கண்ணைப் பொத்த அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அக்காவைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி நடந்தாள். வண்டியில் ஏறவில்லை. கோபத்தில் தளிப் பக்கம், பிறந்த வீட்டை நோக்கி நடப்பதாகத்தான் நினைத்தாள். அழுகையில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. அப்பா கையில் புங்க இலையைக் கட்டிக்கொண்டு, கூப்பிடவும் தைரியமில்லாமல், பின்னாலேயே வந்தார்.

வழியில் மருந்து விளம்பரத் தகரம் ஒன்று புளியமரத்தில் அடித்திருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. உடனே அம்மா முகத்தைப் பார்த்தாள். கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"அதப் பாத்துத்தாண்டி நான் செத்தேன்" என்பாள் அம்மா. ஊசிக்குப் பயந்ததெல்லாம் பயமே இல்லையாம். நாக்கு தப்பிவிட்டது, ஆனால் பேச்சு போய்விட்டதே. ஊசி செய்யாததைத் தன் கை செய்துவிட்டதே. ரோட்டோரத்தில் குழந்தையை இறக்கி நிற்க வைத்து, எதிரில் குந்தினாள். "சொல்லு கண்ணு, ஊசி இல்ல. சொல்லு." அக்கா தலையை ஆட்டினாள். தாஜா பண்ணிப் பார்த்தாள், தாடையைத் தடவிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். பொத்திய கை இறங்கவில்லை. பெற்றவளின் பயம் முழுசாகப் பிள்ளைக்கு இறங்கிவிட்டது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில், அடுத்து வரும் ஊரின் பெயர் எழுதிய ஒரு மைல்கல் இருந்தது. அம்மா அதைத் தட்டிக் காட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியுமா கண்ணு, இதுல தளின்னு எழுதிக்கீது. நாம தளிக்குப் போறோம்" என்றாள்.

அக்கா கல்லைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி கல்லைப் பார்த்தாள். தப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. விரலிடுக்கில், கேட்டும் கேட்காத குரலில், "தளி இல்ல" என்றாள்.

"பின்ன?"

"மத்திகிரி."

கொஞ்சம் தள்ளி நின்றிருந்த அப்பா கிட்டே வர ஓர் அடி கூட எடுத்து வைக்கவில்லை. எங்கம்மா, அந்தப் பயந்தாங்கொள்ளி, குழந்தையின் வாயிலிருந்து அந்தக் கையை மெல்ல எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கேக்கல கண்ணு. உங்கப்பனுக்கும் கேக்கணும். சத்தமா சொல்லு" என்றாள்.